மேட்டில் அணைகிறதா, சார்ஜ் ஏறவில்லையா? வீட்டில் செய்த மின்சார சைக்கிளின் பேட்டரிப் பிழைகள், அறிகுறி வாரியாக

சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார் கிட் (சக்கரத்தின் நடுவில் பொருத்தும் மோட்டார்) மாட்டி ஓட்டுபவர்கள் பேட்டரியைப் பற்றிச் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றேதான். மேம்பாலம் ஏறும்போது நின்றுவிடுகிறது, சொன்ன தூரம் ஓடவில்லை, சார்ஜர் போட்ட உடனே பச்சை விளக்கு எரிகிறது. இவற்றில் நிறைய குறைகள் பேட்டரி கெட்டதால் வருவதே இல்லை. வாங்கும்போது "எத்தனை ஏ.எச்.?" (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) என்று மட்டும் கேட்டுவிட்டு, "தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும்?" என்று கேட்காமல் விட்டதால் வருகின்றன. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணத்தோடு, அது பேக்கைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த கோளாறா, பிற்பாடு வந்த கோளாறா என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு நம் ஊரில் அதிகம் விற்கும் 36 வோல்ட், 250 வாட் கிட். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலர் 15 ஆம்பியர் வரை இழுக்கும். (250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. கிட் விற்பவர்கள் எல்லாரும் அந்த எண்ணிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம்.) பேட்டரி 10எஸ் லித்தியம் அயன், அதாவது பத்துத் தொகுதி செல்கள் சீரிஸில். நிரம்பினால் 42 வோல்ட், கன்ட்ரோலர் கைவிடுவது 31 வோல்ட் அருகே. நடுவில், ஓட்டாமல் வைத்திருக்கும்போது 40 காட்டினால் நன்றாக மிச்சமிருக்கிறது, 37 என்றால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, 35 என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

கையில் இருக்க வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், அப்புறம் மோட்டார் சைக்கிள் அல்லது கார் ஹெட்லைட்டில் வரும் 12 வோல்ட், 60/55 வாட் ஹாலஜன் பல்பு மூன்று (உள்ளே 60 வாட், 55 வாட் என இரண்டு இழை இருக்கும்). பழைய பல்பே போதும், இழை அறுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் சொருகியிருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளில் வைத்துவிடாதீர்கள். வைத்தால் மீட்டர் ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

வாடை, 'உஸ்' என்ற சத்தம், சும்மா இருக்கும்போதே சூடு

இது மட்டும் சோதிக்க வேண்டிய அறிகுறி இல்லை, நிறுத்த வேண்டிய அறிகுறி. உருளை வடிவ செல் இரும்புக் கூட்டுக்குள் இருப்பதால் பை வடிவ செல் போல வீங்கிக் காட்டாது. உள்ளே அழுத்தம் ஏறினால் மேல்முனையில் உள்ள அடைப்பு திறந்து வாயு வெளியேறும். அப்போது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை மாதிரி லேசான இனிப்பு வாடை வரும். அந்த வாடை வந்தாலோ, சார்ஜும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் பேக்கில் ஒரு இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தாலோ, அதற்கு மேல் சார்ஜரைக் காட்டாதீர்கள். புகை இல்லையென்றால் வெட்டவெளியில், சிமென்ட் தரையில் கொண்டுபோய் வையுங்கள். புகை வந்துவிட்டால் தொடாமல், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆட்களை வெளியேற்றி 101-ஐ அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நின்று பார்க்கக் கூடாது. பவுடர் தீயணைப்பான் சுடரை அடக்கும், ஆனால் செல்லைக் குளிர்விக்காது. மறுபடி பற்றிக்கொள்ளும். செல்லைக் குளிர்விப்பது நிறையத் தண்ணீர்தான்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றி எரிந்து தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். கம்பெனியில் செய்து வந்த வண்டிக்கே அந்த நிலை. நாம் வீட்டில் கட்டிய பேக்கைப் படுக்கையறையிலும், வெளியே போகும் வழியை மறிக்கிற மாதிரி வாசல் அருகேயும் சார்ஜ் போடக் கூடாது. தூங்கும் நேரத்தில் எங்குமே கூடாது. மழை வெள்ளத்தில் மூழ்கி எடுத்த பேக்கும் இந்த வரிசையில்தான் சேரும். வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காக உள்ளே பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகையில் உப்பும் சேறும் போய்விட்டதாக அர்த்தமில்லை.

சமதரையில் ஓடுகிறது, மேட்டிலோ கிளம்பும்போதோ அணைந்துவிடுகிறது

அதிகம் வரும் புகார் இது. முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: அணையும் நேரத்தில் கைப்பிடியில் உள்ள டிஸ்பிளேயும் சேர்ந்து அணைகிறதா, இல்லை டிஸ்பிளே எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் நிற்கிறதா?

எல்லாமே இருண்டுவிட்டால் பி.எம்.எஸ். துண்டித்திருக்கிறது. பேக்குக்குள் இருக்கும் அந்தப் பாதுகாப்புப் பலகை, குறித்த அளவுக்கு மேல் ஆம்பியர் போனாலோ, ஏதாவது ஒரு தொகுதி 2.8 வோல்ட் அருகே இறங்கிவிட்டாலோ மொத்தமாகக் கதவைச் சாத்திவிடும். சில பலகைகள் த்ராட்டிலை (கைப்பிடியில் திருகும் ஆக்ஸிலரேட்டரை) விட்டதும் தானாகத் திரும்பும், சிலவற்றைச் சார்ஜரில் ஒரு நொடி மாட்டி எடுத்தால்தான் திரும்பும். பி.எம்.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஆம்பியரைப் படியுங்கள். கன்ட்ரோலர் 15, பி.எம்.எஸ்.ஸும் 15 என்றால் இந்தத் தொல்லை இருந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடியில் கன்ட்ரோலர் தன் எல்லையைக் கொஞ்சம் தாண்டித்தான் இழுக்கும். 20 அல்லது 25 ஆம்பியர் பலகை போட்டால் சரியாகும். ஆனால் பலகையைப் பெரிதாக்குவதற்கு முன்னால் செல்கள் அந்த ஆம்பியரைத் தருமா என்று பார்த்தாக வேண்டும். தர முடியாத செல்களுக்கு முன்னால் பெரிய பலகை வைப்பது, காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது மாதிரி.

டிஸ்பிளே எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் நின்றால், வோல்ட்டேஜ் 31-க்குக் கீழே விழுந்ததும் கன்ட்ரோலர் மோட்டாரை விட்டுவிட்டது. நிறுத்தி மீட்டர் வைத்தால் 36 காட்டும். "சார்ஜ் இருக்கிறதே!" என்று குழம்புவது இங்கேதான். இருக்கிறது. இழுக்கும்போது மட்டும் இறங்குகிறது, விட்டதும் ஏறிவிடுகிறது. செல்லுக்கு உள்ளேயே ஒரு மின்தடை இருக்கிறது, ஆம்பியர் கூடக் கூட அதில் வோல்ட்டேஜ் கரைகிறது.

கணக்கு எளிது. நல்ல புது 2600 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு உள்தடை சுமார் 50 மில்லி ஓம் என்று வையுங்கள். 10எஸ்4பி பேக்கில் நான்கு செல் பேரலலில் இருப்பதால் ஒரு தொகுதிக்கு 12.5, பத்துத் தொகுதிக்கு 125 மில்லி ஓம். 15 ஆம்பியர் இழுத்தால் 1.9 வோல்ட் டிராப். பரவாயில்லை. அதே செல்லில் 10எஸ்2பி கட்டினால் 250 மில்லி ஓம், கிட்டத்தட்ட 3.8 வோல்ட் டிராப். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்லுக்குத் தடை இரண்டு மடங்கு இருப்பது சாதாரணம். அப்போது நான்கு பேரலல் கட்டியும் இரண்டு பேரலல் கட்டிய கதைதான். 35 வோல்ட்டில் நிற்கும் பேக் மேட்டில் 31-ஐத் தொட்டு அணைந்துவிடும்.

உங்கள் பேக்கில் எவ்வளவு என்று பார்க்கத்தான் அந்த மூன்று ஹாலஜன் பல்பும். 60 வாட் இழைகளை மட்டும் சீரிஸில் இணைத்து பேக்கில் மாட்டினால் சுமார் 5 ஆம்பியர் போகும். மாட்டும் முன் ஒரு ரீடிங், மாட்டிப் பத்து நொடி கழித்து ஒரு ரீடிங். 40.6 இருந்தது 39.5 ஆனால் 1.1 வோல்ட் டிராப். ஐந்தால் வகுத்தால் 0.22 ஓம். பதினைந்தால் பெருக்கினால் மேட்டில் என்ன ஆகும் என்று தெரிந்துவிடும்: 3.3 வோல்ட். பல்பைக் கையில் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், சில நொடியில் சுட்டுவிடும். ஓடு மேல் வைத்துவிடுங்கள்.

டிராப் 15 ஆம்பியருக்கு 2 வோல்ட்டுக்குள் என்றால் செல்கள் குற்றமற்றவை. கனெக்டரையும் ஒயரையும் பாருங்கள். 3.5-ஐத் தாண்டினால் ஒன்று பேரலல் எண்ணிக்கை போதாது, இல்லையென்றால் செல்கள் வயதானவை. இரண்டுக்கும் உடனடித் தீர்வு கன்ட்ரோலரின் ஆம்பியரைக் குறைப்பதும், கிளம்பும்போது இரண்டு மிதி மிதிப்பதும்தான். நிரந்தரத் தீர்வு பெரிய பேக்.

"முப்பது கிலோமீட்டர் போகும்" என்றார்கள், பதினைந்து கூடப் போகவில்லை

வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, போகப் போக இப்படி ஆனதா? போகப் போக என்றால் இதை விட்டு, 42 வராத பேக்கைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

முதல் நாளிலிருந்தே என்றால் பேக்கில் எழுதியிருப்பதை நம்பாமல் கணக்குப் போடுங்கள். மிதிக்காமல் த்ராட்டிலிலேயே 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 15 முதல் 20 வாட்-மணி செலவாகும். கூடவே மிதித்தால் 8 முதல் 12. 10எஸ்4பி, 2600 செல் என்றால் 10.4 ஆம்பியர்-மணி, 36-ஆல் பெருக்கினால் 374 வாட்-மணி. கடைசிச் சொட்டு வரை பிழிய முடியாது, 320 என்று வைத்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் மட்டும் என்றால் 16 முதல் 21 கிலோமீட்டர். மிதித்தால்தான் முப்பது. விற்றவர் சொன்னது பொய்யில்லை, அவர் சொன்ன சைக்கிளை யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்குக்கும் கீழே போனால் செல் மேல் சந்தேகம் வர வேண்டும். 18650 என்ற அளவில், அதாவது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. உயரமும் உள்ள செல்லில், சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல செல்லின் உச்சம் 3500 சுற்றி. அதில் 9900 என்று அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பேக்காக உறை போட்டு வந்துவிட்டால் உள்ளே தெரியாது, ஆனால் எடை சொல்லும். ஒரு நல்ல செல் 45 கிராம் அருகே. நாற்பது செல் 1.8 கிலோ, உறையும் பி.எம்.எஸ்.ஸும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டும். 10 ஏ.எச். என்று எழுதிய 18650 பேக் சமையலறைத் தராசில் 1.3 கிலோ காட்டினால், 2600 செல் நாற்பது உள்ளே இல்லை, அல்லது இருக்கும் செல்லில் சரக்கு இல்லை.

லெட்-ஆசிட் போட்டவர்களுக்கு வேறு கணக்கு. யு.பி.எஸ். பேட்டரி 12 வோல்ட் 7 ஏ.எச். மூன்றை வரிசையாக மாட்டினால் 252 வாட்-மணி என்று தோன்றும். அந்த 7 என்பது இருபது மணி நேரத்தில், 0.35 ஆம்பியராக நிதானமாக எடுத்தால் கிடைப்பது. நம் மோட்டார் 7 ஆம்பியர் இழுக்கும். அந்த வேகத்தில் 4 ஏ.எச். கிடைத்தாலே நல்ல பேட்டரி. 144 வாட்-மணி, ஏழு முதல் ஒன்பது கிலோமீட்டர், ஏழு கிலோ சுமை. ஆபீஸில் கழித்துப் போட்ட யு.பி.எஸ். பேட்டரி சும்மா கிடைத்தது என்று மாட்டினால் அதில் பாதி. மோட்டார் சுற்றுகிறதா என்று ஒரு வாரம் பார்ப்பதற்குச் சரி, அதற்கு மேல் செலவு செய்யத் தகுதியில்லை.

டயரில் காற்று, பிரேக் கட்டை ரிம்மில் உரசுவது, இவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பேட்டரியைத் திட்டிக்கொண்டே உரசும் பிரேக்கோடு ஓட்டுகிறவர்கள் நிறைய.

சார்ஜர் போட்ட உடனே பச்சை, பேக் ஏறவில்லை

சார்ஜரை பேக்கில் மாட்டாமல் தனியாக அளங்கள். 42 வர வேண்டும். 0.2 முன்னே பின்னே இருக்கலாம். எதுவுமே வராவிட்டால் சார்ஜரின் உள் ஃபியூஸ் அல்லது முனை ஒயர். அடுத்து பேக்கின் சார்ஜ் துளையில் அளங்கள், பேக்கின் வோல்ட்டேஜுக்கு அருகே ஏதாவது காட்டும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் சார்ஜ் வழியில் உள்ள ஃபியூஸ் போயிருக்கிறது அல்லது ஒயர் விட்டிருக்கிறது. இரண்டும் சரி என்றால் மாட்டிய நிலையில் பேக்கின் முக்கிய முனைகளில் அளங்கள். சார்ஜர் பக்கம் 42, பேக் பக்கம் 39 என்றால் பி.எம்.எஸ். உள்ளே விட மறுக்கிறது. அதற்குப் பெரும்பாலும் ஒரு தொகுதி அளவுக்கு மேல் ஏறியிருப்பதோ, ஒரு தொகுதி மிகக் கீழே கிடப்பதோ காரணம். அடுத்த பகுதியைப் படியுங்கள். வெயிலில் ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு மாட்டினாலும் வெப்ப உணரி உள்ள பலகைகள் மறுக்கும். அரை மணி நேரம் நிழலில் விட்டு மாட்டிப் பாருங்கள். எப்படியும் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் பேக்கைச் சார்ஜ் செய்யக் கூடாது.

சார்ஜர் மாறிப்போயிருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். எல்லாச் சார்ஜரிலும் '36 வோல்ட்' என்றே எழுதியிருக்கும். லித்தியம் அயன் 10எஸ் சார்ஜர் 42 வோல்ட், எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) 12எஸ் சார்ஜர் 43.8, லெட்-ஆசிட் சார்ஜர் 44-ஐத் தொடும். பிளக் மூன்றுக்கும் ஒன்றேயாக இருக்கலாம். 43.8-ஐ 10எஸ் பேக்கில் மாட்டினால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.38 வோல்ட். பி.எம்.எஸ். தடுக்கும், அது வேலை செய்யும்வரை. சார்ஜர் மேல் வெள்ளை பெயின்டில் 42 என்று பெரிதாக எழுதிவிடுவது மலிவான பாதுகாப்பு.

பச்சை வந்துவிட்டது, ஆனால் 42 வரவில்லை. ஓடும் தூரம் மாதாமாதம் குறைகிறது

பேக் 40.8-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தொகுதிக்கும் சமமாகப் பங்கிட்டால் 4.08. ஆனால் சமமாக இருக்காது, அதுதான் நோய். உறையைப் பிரித்தால் பி.எம்.எஸ்.ஸுக்குப் போகும் மெல்லிய ஒயர்கள் பதினொன்று ஒரு வெள்ளை கனெக்டரில் வரிசையாக நிற்கும். கறுப்பு முனையை முதல் ஊசியிலும் சிவப்பை இரண்டாவதிலும் வையுங்கள், முதல் தொகுதி. அப்புறம் இரண்டு-மூன்று, மூன்று-நான்கு என்று பத்து ரீடிங். மீட்டர் முனை நழுவி இரண்டு ஊசியைச் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும், முனையில் நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

பத்தையும் தாளில் எழுதுங்கள். ஒன்பது தொகுதி 4.06, ஏழாவது மட்டும் 4.25 என்று வந்தால் கதை புரிந்துவிட்டது. ஏழாவது முதலில் நிரம்பிவிட்டது, பி.எம்.எஸ். மொத்தச் சார்ஜையும் நிறுத்திவிட்டது, மற்ற ஒன்பதும் அரைகுறை வயிறோடு எழுந்துவிட்டன.

ஆனால் ஏழாவது ஏன் முதலில் நிரம்பியது? இதை இந்த ஒரு ரீடிங்கில் சொல்ல முடியாது. வண்டியை ஓட்டி, பேக்கை 34 வோல்ட் அளவுக்கு இறக்கிவிட்டு மறுபடி பத்தும் அளங்கள். மேலே (நிரம்பியபோது) எல்லாரையும் விட உயரத்தில் இருந்த ஏழாவது, கீழேயும் (இறங்கியபோதும்) எல்லாரையும் விட உயரத்தில் இருந்தால் அது வெறும் சமநிலைக் கோளாறு. செல்கள் நல்லவை, கொஞ்சம் கூடுதல் சார்ஜோடு தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மேலே உயரத்தில் இருந்தது கீழே எல்லாரையும் விடத் தாழ்ந்திருந்தால் அந்தத் தொகுதியின் கொள்ளளவே சிறுத்துவிட்டது. சீக்கிரம் நிரம்புகிறது, சீக்கிரம் காலியாகிறது. நான்கு செல்லில் ஒன்று செத்திருக்கலாம், அல்லது ஒரு செல்லின் ஸ்பாட் வெல்டிங் விட்டிருக்கலாம். நிக்கல் பட்டையை நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள், விட்ட இடம் அசையும். மூன்றாவது வகை, ஒரு தொகுதி மேலேயும் தாழ்வு, கீழேயும் தாழ்வு. அதைச் சமன் செய்துவிட்டு இரண்டு வாரம் சும்மா வைத்து அளங்கள். மறுபடி அது மட்டும் இறங்கியிருந்தால் உள்ளுக்குள் கசியும் செல் ஒன்று அதில் இருக்கிறது. அந்த செல்லை மாற்றாமல் அந்த பேக்கை நம்பாதீர்கள்.

வெறும் சமநிலைக் கோளாறு என்றால் "பி.எம்.எஸ். தானாகச் சரிசெய்யும், ராத்திரி முழுக்க விடுங்கள்" என்பார்கள். மலிவுப் பலகைகள் சமன் செய்வது 50 மில்லி ஆம்பியர் அளவில், அதுவும் தொகுதி 4.18-ஐத் தாண்டிய பிறகுதான். 10.4 ஏ.எச். தொகுதியில் 4.25-க்கும் 4.06-க்கும் இடையே ஒன்றரை ஏ.எச்.சுக்கு மேல் இருக்கும். 50 மில்லி ஆம்பியரில் அதைக் கரைக்க முப்பது மணி நேரம் வேண்டும். தூங்கும்போது சார்ஜில் விடக் கூடாது என்று மேலேயே பார்த்தோம். அதைவிட, அந்த ஏழாவது தொகுதியின் இரு முனைகளில் மட்டும் ஒரு ஹாலஜன் பல்பை மாட்டுங்கள். 4 வோல்ட்டில் அது வெளிச்சம் தராது, இழை செம்மஞ்சளாகக் கனலும், இரண்டு மூன்று ஆம்பியர் போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பல்பைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து அளங்கள். மற்றவற்றோடு சேர்ந்ததும் எடுத்துவிட்டு மொத்தமாகச் சார்ஜ் போடுங்கள்.

தாழ்ந்த தொகுதி ஒன்று என்றால் எதிர்வழி: டி.பி.4056 என்ற சின்ன ஒற்றை-செல் சார்ஜ் பலகை, மொபைல் அடாப்டரில் ஓடும், 4.2 வோல்ட்டில் தானாக நிற்கும், 1 ஆம்பியர் தரும். அதை அந்தத் தொகுதிக்கு மட்டும் மாட்டி ஏற்றலாம். ஒரே அடாப்டரிலிருந்து இரண்டு பலகை எடுத்து இரண்டு தொகுதிக்கு ஒரே நேரத்தில் மாட்டிவிடாதீர்கள், அடாப்டரின் பொதுவான மைனஸ் வழியாக ஷார்ட் ஆகும்.

ஒயரோ கனெக்டரோ தொட முடியாத சூடு

15 ஆம்பியருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். எக்ஸ்.டி.60 கனெக்டர் தாராளமாகப் போதும். ஆனாலும் சுடுகிறது என்றால் ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு, அல்லது பலமுறை சொருகி எடுத்து விரிந்துபோன ஊசி. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பேக்கின் உள்ளே சூடு என்றால் நிக்கல் பட்டையைப் பாருங்கள். 8 மி.மீ. அகலம், 0.15 மி.மீ. கனம் உள்ள சுத்த நிக்கல் பட்டை 5 ஆம்பியர் அளவைச் சுகமாகச் சுமக்கும். ஒரு தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கு நான்கு செல்லிலிருந்தும் நான்கு பட்டை போனால் ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியருக்கும் குறைவு. சிலர் ஓரத்தில் ஒரே ஒரு பட்டையில் அடுத்த தொகுதிக்குத் தாவுவார்கள். மொத்தப் பதினைந்தும் அந்த ஒற்றைப் பட்டையில் போகும், ஓரத்து செல்தான் மற்றவற்றை விட அதிகம் உழைக்கும், முதலில் சாகும். பட்டை நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று காந்தம் சொல்லாது, இரண்டையும் பிடிக்கும். ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போடுங்கள். காலையில் துரு பிடித்திருந்தால் இரும்பு. இரும்பு என்றால் தடை கணிசமாக அதிகம். கடையில் "ஒரிஜினல் நிக்கல்தான் அண்ணா" என்பவரிடம் வாதம் வேண்டாம், இரண்டு அங்குலம் வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.

சொருகும்போது 'டப்' என்று பொறி

கன்ட்ரோலரில் உள்ள கெப்பாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்புவதால் வருவது. பழுதில்லை. ஆனால் நாளடைவில் ஊசியைக் கரிக்கும். உள்ளேயே தடை வைத்த எக்ஸ்.டி.90-எஸ் வகை மாட்டினால் நின்றுவிடும்.

டிஸ்பிளே எரிகிறது, நிறுத்தினாலும் 38 காட்டுகிறது, மோட்டார் அசையவே இல்லை

பேட்டரியை விட்டுவிடுங்கள். பிரேக் லீவரில் உள்ள கட்-ஆஃப் ஸ்விட்ச் சிக்கியிருக்கும். அதன் ஒயரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து த்ராட்டிலைத் திருகிப் பாருங்கள். சுற்றினால் ஸ்விட்ச்தான். சுற்றாமல் விக்கி விக்கி உதறினால் மோட்டாரின் ஹால் சென்சார் அல்லது அதன் கனெக்டர்.

முக்கால் கட்டம் காட்டிக்கொண்டே வந்து திடீரென்று செத்துவிடுகிறது

எல்.எஃப்.பி. பேக் போட்டவர்கள் மட்டும் சொல்வது. அந்த வகை செல் காலியாகும் வழியில் பெரும்பகுதி 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும், கடைசியில் சரேலென்று இறங்கும். டிஸ்பிளே வோல்ட்டேஜை வைத்துக் கட்டம் காட்டுவதால் ஏமாறுகிறது. பேட்டரி சரியாகத்தான் இருக்கிறது. ஆம்பியரைக் கூட்டிக் கணக்கிடும் சின்ன டி.சி. வாட் மீட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள்.

ஊருக்குப் போய் வந்து பார்த்தால் உயிரே இல்லை

ஸ்விட்சை அணைக்காமல் போனால் கன்ட்ரோலரும் டிஸ்பிளேயும் பத்து மில்லி ஆம்பியர் குடித்தாலும் ஒரு நாளைக்கு 0.24 ஏ.எச். நாற்பது நாளில் 10 ஏ.எச். காலி. அதன் பிறகு பி.எம்.எஸ். தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். தொகுதி வாரியாக அளங்கள். 2.5-க்கு மேல் என்றால் சாதாரணமாக ஏற்றலாம். 2-க்கும் 2.5-க்கும் இடையே என்றால் அரை ஆம்பியர் போல மெதுவாக, பக்கத்திலேயே உட்கார்ந்து, தொட்டுப் பார்த்துக்கொண்டே. 2-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தது என்றால் உள்ளே செம்புத் தகடு கரைந்திருக்கும். ஏறுவது போல ஏறும், பிறகு என்றாவது உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அதை எழுப்ப வேண்டாம். இனிமேல் நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் 37, 38 வோல்ட்டில், கனெக்டரைக் கழற்றி, மே மாத வெயில் அடிக்காத இடத்தில் வையுங்கள். முழுக்க நிரப்பி வைப்பதும் செல்லுக்கு ஆகாது.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால்

இவ்வளவு அளந்த பிறகு எது வேண்டும் என்று உங்கள் தாளே சொல்லும். அணைவது மேட்டில் மட்டும்தான், தூரம் போதும் என்றால் கொள்ளளவைக் கூட்டாமல் அதிக ஆம்பியர் தரும் செல் வாங்குங்கள். தூரம் மட்டும் போதவில்லை என்றால் அதே செல்லில் பேரலலைக் கூட்டிய புது பேக். பழைய பேக்குக்குப் பக்கத்தில் புது பேக்கைப் பேரலலில் மாட்டும் யோசனை அடிக்கடி வரும். வோல்ட்டேஜ் வேறுபட்டிருக்கும்போது மாட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் ஆம்பியர் பாயும். விட்டுவிடுங்கள்.

"48 வோல்ட் போட்டால் பறக்குமே" என்பவர்களுக்கு: 13எஸ் பேக் நிரம்பினால் 54.6. 36 வோல்ட் கன்ட்ரோலரைத் திறந்து கெப்பாசிட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், 50 என்றிருந்தால் அது வெடிக்கலாம். கெப்பாசிட்டர் தாங்கினாலும் வேகம் 25-ஐத் தாண்டிவிடும், அப்புறம் அது சட்டப்படி சைக்கிள் இல்லை.

என்னைக் கேட்டால், தினம் வேலைக்குப் போய் வரும் சைக்கிளுக்கு நம் வெயிலில் எல்.எஃப்.பி.தான். 32700 அளவு செல், 6 ஏ.எச்., 12எஸ்2பி கட்டினால் 38.4 வோல்ட், 12 ஏ.எச்., 460 வாட்-மணி. செல் மட்டும் மூன்றரை கிலோ அருகே வரும், 18650 பேக்கை விட கனம்தான். ஆனால் 15 ஆம்பியர் அதற்கு விளையாட்டு, டிராப் குறைவு, சார்ஜ் சுழற்சி பல மடங்கு, சூட்டில் எளிதாகப் பற்றிக்கொள்ளாது. 31 வோல்ட் கட்-ஆஃப் அதற்கும் பொருந்தும், செல்லுக்கு 2.6 அளவில் நிற்கும். மாடிப்படியில் பேக்கைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியவர்கள் மட்டும் 18650 அல்லது 21700-க்குப் போங்கள்.

கடையில் கேட்க வேண்டியது மூன்று: செல்லின் மாடல் எண், பி.எம்.எஸ்.ஸின் தொடர் ஆம்பியர், பேக்கின் எடை. மாடல் எண் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே மூன்று பல்பை மாட்டி இரண்டு ரீடிங் எடுக்க அனுமதிக்கிறாரா என்று கேளுங்கள். புது எல்.எஃப்.பி. பேக் 5 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சார்ஜரைப் பேக்கோடு சேர்த்தே வாங்குங்கள். 12எஸ் எல்.எஃப்.பி.க்கு 43.8. பழைய 42 வோல்ட் சார்ஜரில் ஓட்டினால் ஆபத்தில்லை, ஆனால் செல்லுக்கு 3.5-தான் வரும், பி.எம்.எஸ். சமன் செய்யவே தொடங்காது. பழைய பேக்கின் முனைகளில் டேப் ஒட்டி, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். காயலான் கடையில் போட்டால் அதைச் சுத்தியலால் பிளப்பார்கள்.